கம்ப்ரசர் ஓஸுக்கு எந்த கப்ளர்? டெல்டா பட்டறையிலிருந்து ஓர் ஒப்பீடு

சம்பா அறுவடை நேரம். மன்னார்குடியிலிருந்து கோட்டூர் போகும் வழியில் வரப்போரம் நின்ற அறுவடை மெஷின் ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ரேடியேட்டர் முழுக்க வைக்கோல் தூசியும் பதரும் அடைத்துக் கிடந்தன. காற்றடித்து ஊதினால்தான் இன்ஜின் சூடு இறங்கும். வண்டியோடு வந்த 1 எச்.பி. கம்ப்ரசர் முக்கால் மணி நேரமாக ஓடுகிறது, டேங்க் நிரம்பி கட் ஆகவே இல்லை.

"ரிங் போயிருச்சுண்ணே. ஊருக்குப் போயி பிஸ்டன் கிட் மாத்தணும்" என்றார் ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்திருந்த டிரைவர்.

தண்ணீர் பாட்டிலில் ஒரு பாக்கெட் ஷாம்பைக் கலக்கி, ஓஸும் ஊதுகிற கன்னும் சேரும் இடத்தில் ஊற்றினேன். தவளை முட்டை மாதிரி குபுகுபுவென்று நுரை கிளம்பியது. "ரிங் நல்லாத்தான் இருக்கு தம்பி. இங்க பாரு, காத்து பூரா இதுல போவுது." ஓஸ் முனையில் செருகும் வேறொரு பிளக்கைப் பையிலிருந்து எடுத்து கன்னில் மாட்டியதும் நுரை நின்றது. பத்து நிமிடத்தில் கம்ப்ரசரும் கட் ஆகி நின்றது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. 7 பார் அழுத்தத்தில் 1 மி.மீ. துளை வழியாக நிமிடத்துக்கு 60 லிட்டருக்கு மேல் காற்று வெளியேறும். 1 எச்.பி. கம்ப்ரசர் நிமிடத்துக்குத் தருவதே ஏறக்குறைய 100 லிட்டர்தான். ஓஸையும் கருவியையும் இணைக்கிற கப்ளர் சின்னப் பொருள்தானே என்று கிடைத்ததை மாட்டிவிட்டு, கரன்ட் பில்லிலும் பிஸ்டன் ரிங்கிலும் பணத்தைக் கொட்டுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

உங்கள் கம்ப்ரசரில் கசிவு எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். டேங்கை நிரப்பி, மோட்டாரை அணைத்து, ஓஸை மாட்டியபடியே விட்டு மீட்டர் முள்ளைப் பாருங்கள். டேங்க் 110 லிட்டர் என்றால், முள் 1 பார் இறங்கினால் 110 லிட்டர் காற்று போயிருக்கிறது. 10 நிமிடத்தில் இறங்கினால் நிமிடத்துக்கு 11 லிட்டர் கசிவு.

எங்கே கசிகிறது?

கப்ளரில் இரண்டு பாகம். சாக்கெட்டுக்குள் வால்வும் ஸ்பிரிங்கும், பூட்டிப் பிடிக்கும் குண்டுகளும், ரப்பர் பேக்கிங்கும் இருக்கும். பிளக் வெறும் துளையுள்ள ஒரு மூக்கு. சாக்கெட் எப்போதும் காற்று வருகிற பக்கம், பிளக் கருவிப் பக்கம். மாற்றி மாட்டினால் கழற்றியதும் டேங்க் காற்று முழுக்க முகத்தில் அடிக்கும்.

கருவி கழன்றிருக்கும்போது சாக்கெட் சீறினால் வால்வில் கோளாறு. டேங்க் அடியில் தேங்கும் தண்ணீரோடு வரும் துருப்பொடி வால்வு உட்காரும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு டேங்கில் தினமும் தண்ணீர் திறந்துவிட்டே ஆகவேண்டும். கருவி மாட்டியிருக்கும்போது மட்டும் சீறினால் பேக்கிங் அல்லது பிளக். இரண்டு நிலையிலும் சீறினால் மரை, அல்லது ஓஸ் இறங்கியிருக்கும் முள் நிப்பிள்.

இதில் நடுவில் சொன்னதுதான் அதிகம். எல்லோரும் சாக்கெட்டை மாற்றுவார்கள், குற்றவாளி பெரும்பாலும் பிளக். ரப்பர் பேக்கிங் வந்து கவ்வுவது பிளக்கின் மூக்கில். அந்த மூக்கைத்தான் நாம் சிமெண்ட் தரையில் இழுக்கிறோம், சேற்றில் போடுகிறோம், களிமண்ணோடு சாக்கெட்டில் குத்துகிறோம். பிளக்கைத் துடைத்து விரல் நகத்தால் மூக்கை ஒரு சுற்று வருடிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தக் கீறல் வழியாகத்தான் காற்று போகிறது. கீறலுள்ள பிளக் புது பேக்கிங்கையும் அறுத்துவிடும். அதனால் முதலில் மாற்றவேண்டியது விலை குறைந்த பிளக்கை.

போட்டியில் இருப்பவை

கடையில் "க்யூ.ஆர்.சி. குடுங்க" (குயிக் ரிலீஸ் கப்ளிங்) என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது ஜப்பான் வாய். நிட்டோ என்ற ஜப்பான் நிறுவனத்தின் வடிவம் அது. அதே அளவில் பலரும் செய்கிறார்கள். 20 எஸ்.எச்., 20 பி.எம். என்று மேலே எழுதியிருக்கும். எஸ் என்றால் சாக்கெட், பி என்றால் பிளக். எச் ஓஸ் மாட்டுவது, எம் வெளிமரை, எஃப் உள்மரை. 20 என்றால் கால் இஞ்ச், 30 என்றால் 3/8 இஞ்ச், 40 என்றால் அரை இஞ்ச். இந்த மூன்றுக்கும் வாய் ஒன்றே என்பதால் 20 பிளக் 40 சாக்கெட்டிலும் பூட்டும். இது பெரிய வசதி. திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் என்று எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்கூட ஒரு பிளக் வாங்கிவிடலாம். அறுவடை நாளில் வண்டி வயலில் நிற்கும்போது இந்த ஒரு குணம் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

அமெரிக்க வாய், இண்டஸ்ட்ரியல் என்று சொல்வது, தனியாக யாரும் தேடி வாங்குவதில்லை. ஆன்லைனில் வாங்கும் இம்பாக்ட் கன், கிரீஸ் கன்னோடு சேர்ந்து வந்துவிடுகிறது. பொருள் மோசமில்லை. அங்கே தொழிற்சாலைகளில் காலங்காலமாக நிற்கிற வடிவம். சிக்கல் என்னவென்றால், பார்வைக்கு ஜப்பான் பிளக் மாதிரியே இருக்கும், மூக்கின் நீளமும் குண்டு உட்காரும் பள்ளத்தின் இடமும் வேறு. வேறு வேறு வாயைத் திணித்தால் பூட்டாது, இல்லையென்றால் அரைகுறையாகப் பூட்டி ஆடிக்கொண்டே கசியும். என் பட்டறையில் அப்படி ஒரு அரைப்பூட்டு கழன்று ஓஸ் பாம்பு மாதிரி சுழன்று அடித்ததில் பையன் ஒருவனுக்குக் கண்ணுக்கு மேலே இரண்டு தையல். அன்றைக்கே வேறு வாய் எல்லாவற்றையும் கழற்றி வீசினேன். பட்டறைக்குள் ஒரே வாய்தான் இருக்கவேண்டும், அது எந்த வாய் என்பது இரண்டாவது.

ஐரோப்பா வாய்க்கு உள்துளை 7.2 முதல் 7.4 மி.மீ. வரை. காற்று தாராளமாகப் போகும். லாரி வீல் நட்டு கழற்றும் பெரிய இம்பாக்ட் கன்னுக்கு இதில் நல்ல பலன் தெரியும். தள்ளினாலே பூட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. குணத்தை மட்டும் பார்த்தால் இதற்குத்தான் என் ஓட்டு. ஆனால் ஒரு பிளக் கெட்டால் தஞ்சாவூரில்கூட நாலு கடை ஏறி இறங்கவேண்டியிருக்கிறது. கையிருப்பில் பத்து பிளக் வாங்கி வைக்க முடிந்த பெரிய சர்வீஸ் சென்டருக்குச் சரி.

பி.யு. (பாலியூரித்தேன்) டியூப்பை அப்படியே குத்தி மாட்டும் புஷ் ஃபிட்டிங் இன்னொரு ரகம். சுவரோடு ஓடும் நிலையான லைனுக்கும் மெஷினுக்குள் போகும் காற்று லைனுக்கும் அருமை. பிளேடால் நேராக வெட்டவேண்டும், கோணலாக வெட்டினால் ஓ ரிங்கில் சரியாக உட்காராது. தினமும் நாலு தடவை கழற்றி மாட்டும் இடத்துக்கு இது ஆகாது. உள்ளே இருக்கும் பல் டியூப் மேல் கோடு கிழித்து, அந்தக் கோட்டிலேயே கசியத் தொடங்கும். பி.யு. டியூப்பிலும் இரண்டு வகை உண்டு. பாலியெஸ்டர் வகை வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாளாக ஆக வெடித்துப் பிசுபிசுக்கும். பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும். நம் பக்கத்துக்கு இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

நகம் கப்ளிங், கிளா என்பது, போர்வெல் கழுவும் பெரிய கம்ப்ரசருக்கும் பாறை உடைக்கும் பிரேக்கருக்கும். இரண்டு பக்கமும் ஒரே வடிவம், கால் திருப்பில் பூட்டும். வால்வு கிடையாது. காற்றை அடைத்து, ஓஸில் இருப்பதை வெளியேற்றிய பிறகுதான் கழற்றலாம். பூட்டில் ஒரு பின்னும் ஓஸில் பாதுகாப்புக் கயிறும் இல்லாமல் இதை ஓட்டவே கூடாது. பஞ்சர் கடைக்கும் பட்டறைக்கும் இது தேவையில்லை.

பித்தளையா, இரும்பா?

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு இருக்கிற வீட்டுக்காரர்களுக்குப் பித்தளையின் குணம் தெரியும். துரு ஏறாது, ஆனால் கீழே விழுந்தால் நசுங்கும். கப்ளரிலும் அதே கதைதான். பித்தளை சாக்கெட் நன்றாக நிற்கும். பித்தளை பிளக்கைத் தரையில் இழுத்தால் மூக்கு கீறிவிடும், குண்டு உட்காரும் பள்ளமும் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். இரும்பு பிளக் கெட்டி. ஆனால் மேல்முலாம் போனதும் துரு பிடிக்கும், துருப்பிடித்த மூக்கு பேக்கிங்கை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

அதனால் இடத்தைப் பார்த்து வாங்கவேண்டும். மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் மாதிரி உள்பகுதிப் பட்டறைக்கு இரும்பு பிளக், இரும்பு அல்லது பித்தளை சாக்கெட். வாரம் ஒரு சொட்டு எண்ணெய் போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம், உப்பளக் காற்று அடிக்கும் இடத்தில் முலாம் பூசிய இரும்பு நெடுநாள் தாங்காது. அங்கே ஸ்டெயின்லெஸ் பிளக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை. முடியாவிட்டால் பித்தளை வாங்கிக்கொண்டு, ஓஸை ஆணியில் மாட்டித் தரையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்கிங் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். எண்ணெயைத் தாங்கும், தின்னரைத் தாங்காது. பெயிண்ட் அடிப்பவர்கள் ஸ்பிரே கன்னைப் பிளக்கோடு சேர்த்துத் தின்னரில் ஊறப்போட்டு, துடைக்காமல் மாட்டுவார்கள். பேக்கிங் ஊதிப்போய், பிளக் உள்ளே இறங்கவே அடம்பிடிக்கும். கன் கழுவும்போது பிளக்கைத் தின்னருக்கு வெளியே வையுங்கள்.

என் முடிவு

டிராக்டர், அறுவடை மெஷின் வேலைக்கு 30 நம்பர் ஜப்பான் வாய், இரும்பு பிளக், 10 மி.மீ. ரப்பர் ஓஸ். பஞ்சர் கடைக்கு 20 நம்பரே போதும். டிராக்டர் பின் டயர் பெரும்பாலும் 20 பி.எஸ்.ஐ.யைக்கூடத் தொடாது, லாரி டயருக்குத்தான் 100-க்கு மேல் போகும். பையன்கள் வேலை செய்யும் இடமென்றால், கழற்றும்போது முதலில் காற்றை வெளியேற்றிவிட்டு அப்புறம் விடுவிக்கும் பாதுகாப்பு சாக்கெட்டை வாங்குங்கள். அது எந்த வாயில் கிடைத்தாலும் சரி.

ஓஸுக்குள் முள் நிப்பிள் இறங்கும் விதத்தையும் பாருங்கள். சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தினால்தான் உள்ளே போகவேண்டும். கையால் சறுக்கிக்கொண்டு போனால் நிப்பிள் சின்னது. அதை கிளிப் போட்டு இறுக்கி இறுக்கிச் சரிக்கட்டப் பார்த்தால் ரப்பர் மடிப்பு விழுந்து, மடிப்பு வழியாகவே கசியும்.

கடைசியாக மரை. கால் இஞ்ச் மரையில் நம் ஊர்க் கம்ப்ரசருக்கு வருவது பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை, இஞ்சுக்கு 19 மரை. ஆன்லைனில் வரும் அமெரிக்கக் கருவிகளில் என்.பி.டி., இஞ்சுக்கு 18. மரையின் கோணமும் வேறு, 55 டிகிரிக்கு 60. இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும். நம் ஆள் டெஃப்லான் டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்றி, ஸ்பேனரைப் போட்டு முறுக்குவார். அன்றைக்குக் கசியாது. அடுத்த வாரம் மரை நெடுக காற்று சுற்றிச் சுற்றி வெளியே வரும், சில சமயம் பித்தளை உடம்பு பிளந்தேவிடும். சந்தேகம் வந்தால், நிச்சயம் பி.எஸ்.பி. என்று தெரிந்த ஒரு பிளக்கின் வெளிமரையைப் புதிதின் வெளிமரையோடு பக்கவாட்டில் ஒட்டவைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பல்லோடு பல் பொருந்தி இடைவெளி தெரியாவிட்டால் ஒரே மரை. கடைசிப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.