எம்எல்பி யூனிட்டை விற்றால் எந்தத் தாளை நம்புவது: 1099-பியா, கே-1ஆ?

அமெரிக்கச் சந்தையில் எண்டர்பிரைஸ் புராடக்ட்ஸ், எனர்ஜி டிரான்ஸ்ஃபர் மாதிரி பைப்லைன் கூட்டாண்மைகளின் (எம்எல்பி, சந்தையில் பங்கு போலக் கைமாறும் கூட்டாண்மை) யூனிட்டை விற்றவர் கைக்கு இரண்டு தாள் வரும். விற்பனைத் தொகையைச் சொல்லும் புரோக்கரின் 1099-பி முதலில் வந்துவிடும். லாப நட்டத்தில் உங்கள் பங்கைச் சொல்லிக் கூட்டாண்மை அனுப்பும் கே-1 பெரும்பாலும் மார்ச்சில்தான். இரண்டும் ஒரே விற்பனையைத்தான் சொல்கின்றன, ஆனால் கணக்கு ஒத்துப்போகாது.

1099-பியை வரி மென்பொருளில் ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. பங்கு விற்றவருக்கு அது போதும். யூனிட் விற்றவருக்குப் போதாது, ஏனென்றால் புரோக்கருக்குத் தெரிந்தது நீங்கள் வாங்கிய விலை மட்டும். இத்தனை வருடம் வாங்கிய பணப் பட்டுவாடாவும், உங்கள் பேரில் எழுதிய தேய்மானமும் அந்த அசலை (வரிக் கணக்கில் லாபம் காண விற்ற விலையிலிருந்து கழிக்கும் தொகை) குறைத்துக்கொண்டே வந்திருக்கும். அந்தக் கணக்கு கே-1உடன் வரும் விற்பனை அட்டவணையில் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 யூனிட், வாங்கியது 12,500 டாலருக்கு, விற்றது 15,000க்கு. 1099-பியைக் கேட்டால் லாபம் 2,500. அட்டவணையோ அசலில் 7,000 கழிந்துவிட்டது, மிச்சம் 5,500 என்கிறது. அப்படியானால் லாபம் 9,500. அதிலும் 6,000 சாதாரண வருமானம், அதாவது முன்பு அனுபவித்த தேய்மானச் சலுகையை அரசு திருப்பிக் கேட்பது. இதற்கு நீண்டகால மூலதன ஆதாயத்தின் சலுகை விகிதம் கிடையாது, சம்பளத்துக்கான விகிதம்தான்.

இந்த 6,000 போகும் இடம் தொழில் சொத்து விற்பனைக்கான படிவம் 4797, இரண்டாம் பகுதி. மீதி 3,500 மூலதன ஆதாயத்துக்கான படிவம் 8949இல். அங்கே அசலாக 5,500ஐ அப்படியே போடக் கூடாது, 6,000ஐயும் கூட்டி 11,500 என்று கொள்ள வேண்டும். புரோக்கர் 12,500ஐ ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித்துறை) சொல்லியிருந்தால் அதை அப்படியே விட்டு, அசல் தவறு என்பதைக் காட்டும் ‘பி’ குறியீட்டோடு திருத்தக் கட்டத்தில் 1,000 சேர்த்தால் சரியாகிவிடும்.

என் கணிப்பில், 1099-பியை மட்டும் நம்புவதைவிட இரண்டையும் அரைகுறையாகக் கலப்பதுதான் பர்ஸைக் கடிக்கும். அசலை 5,500 ஆக்கிவிட்டு 6,000ஐயும் தனியாகக் காட்டினால் வரிக்கு வருவது 15,500. கையில் வந்த மொத்தப் பணமே 15,000தான்!

அப்புறம், கே-1 பக்கம் இன்னொரு கனமான காரணம் இருக்கிறது. வருடா வருடம் கழிக்க முடியாமல் தேங்கிய நட்டம், மொத்த யூனிட்டையும் விற்ற வருடத்தில்தான் முழுதாக விடுபடும். 1099-பியில் அதைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது. கொஞ்சம் யூனிட்டை மட்டும் விற்றால், அந்தக் கூட்டாண்மையின் வருமானம், ஆதாயம் அளவுக்குத்தான் கழிக்கலாம், மிச்சம் பூட்டியே கிடக்கும்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்பவர்கள் பல எம்எல்பிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஃபண்டான அலேரியன் எம்எல்பி ஈடிஎஃப் பக்கம் போகிறார்கள். அதில் கே-1 வராது. ஆனால் அந்த ஃபண்டே கம்பெனி மாதிரி வருமான வரி கட்டுகிறது, அந்தச் சுமை உங்கள் வருவாயில்தான் விழும்.

வரித் தாக்கலின் கடைசித் தேதியான ஏப்ரல் 15 நெருங்கியும் கே-1 வரவில்லையா? படிவம் 4868 போட்டால் தாக்கலுக்கு அக்டோபர் வரை நேரம் உண்டு. பணத்தை மட்டும் உத்தேசமாகக் கணக்கிட்டு ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்.