வீட்டுக் கணக்கெடுப்பில் அறை எல்லாவற்றையும் எண்ணுவதா, படுக்கையறையை மட்டுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய லயத்து வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) "படுக்கையறை எத்தனை?" என்று கேட்டால் ஒன்று என்பார்கள், ஆனால் ராத்திரி ஹாலில் பாய் விரித்துத் தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் படுப்பது அந்த எண்ணில் தெரியவே தெரியாது. மொத்த அறைகளை எண்ணினால் ஹாலும் சேரும். கணக்கெடுப்புக்கான ஐநா பரிந்துரைப்படி 4 சதுர மீட்டராவது இருந்து, சுவர் கூரைவரையோ குறைந்தது 2 மீட்டர் உயரத்துக்கோ எழும்பினால் அது அறை. குளியலறை, வராந்தா சேராது. திரைச்சீலை கட்டிப் பிரித்த மூலை? அதுவும் சேராது. வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து நீட்டிக் கட்டிய அறை, அளவு சரியாக இருந்தால் சேரும். சமையல்கட்டும் அப்படித்தான், அதைத் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது.

தாமான் (புதுக் குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குப் படுக்கையறைக் கணக்கு போதும், சீக்கிரம் முடியும். லயத்துக்கு நான் கேட்பது முழு அறைக் கணக்கு.