வாடகை ட்ரக் கேம்பர்: யானை கிடைச்சுடும், தீனி யார் போடறது?

ட்ரக் கேம்பர் (பிக்கப் ட்ரக் முதுகுல ஏத்தின குட்டி வீடு) வாடகைக்கு எடுக்கலாமான்னு யோசிக்கறவங்க ஒரு நாள் வாடகை எவ்ளோன்னு பாக்காதீங்க, ஒரு மைலுக்கு எவ்ளோ ஆகுதுன்னு பாருங்க. வெப்சைட்ல பெருசா கொட்டை எழுத்துல போடறது நாள் வாடகை மட்டும்தான், மைலேஜ் சார்ஜ் கீழ எங்கயோ பொடி எழுத்துல இருக்கும், கேஸ் (அதான் பெட்ரோல்) செலவு எங்கயுமே இருக்காது, ஆனா கடைசில பர்ஸைக் காலி பண்றது அது ரெண்டும்தான்.

நாங்க எடுத்தது சான் ஃப்ரான்சிஸ்கோ பே ஏரியால ஒரு ரென்டல் கம்பெனில, பேர் வேணாம். ஃபோர்ட் எஃப்-350, பெட்ரோல் இன்ஜின், ட்ரக்கோட முதுகுல கேம்பரை ஏத்தி வெச்சிருப்பாங்க. டிரைவர் கேபினுக்கு மேல நீட்டிட்டு இருக்கற எடத்துல படுக்கை, உள்ள ரெண்டு பர்னர் அடுப்பு, ப்ரோப்பேன்ல ஓடற ஃப்ரிட்ஜ், ஒரு ஆள் திரும்பினா முழங்கை இடிக்கற அளவுக்கு பாத்ரூம். வண்டி சுத்தமா இருந்துச்சு, டயர் எல்லாம் நல்லா இருந்துச்சு, அதுல குறை சொல்ல மாட்டேன்.

இப்ப கணக்குக்கு வருவோம். இந்த வண்டி கேலனுக்கு 10 மைல் குடுத்தா பெரிய விஷயம். கலிஃபோர்னியால நாங்க போனப்ப கேஸ் அஞ்சு டாலரை ஒட்டி இருந்துச்சு, அப்ப கேஸ் மட்டும் மைலுக்கு 50 சென்ட். கம்பெனிக்காரன் மைலுக்கு 40 சென்ட் தனியா போடறான். ஆக மொத்தம் கிட்டத்தட்ட மைலுக்கு ஒரு டாலர்னு வெச்சுக்கோங்க. பால் வாங்கப் பத்து மைல் போனீங்கன்னா பாலை விட போக்குவரத்து செலவு ஜாஸ்தி.

எங்க ஒரிஜினல் பிளான் யூட்டா ஸ்டேட். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ்னு அங்க இருக்கற நேஷனல் பார்க் எல்லாம் பாத்துட்டு வரலாம்னு பசங்க லிஸ்ட் எல்லாம் போட்டு வெச்சிருந்தாங்க. பே ஏரியா ஃப்ரீமான்ட்ல இருந்து அந்த பார்க்குக்குப் பக்கத்து ஊரான மோவாப் போய்ட்டு வர கிட்டத்தட்ட 2000 மைல், அதாவது 200 கேலன், கேஸுக்கு 1000 டாலர், மைலேஜுக்கு 800 டாலர், நாள் வாடகை இதுக்கு மேல தனி. இதே தூரத்தை நம்ம வீட்டு ஹோண்டா ஒடிஸி மினிவேன் கேலனுக்கு 25 மைல்னு ஓடினா 400 டாலர் கேஸ்ல முடிச்சுடும், மிச்ச காசுல நல்ல ஹோட்டல்லயே தங்கிடலாம். வீட்டுக்காரம்மா கணக்கைப் பாத்துட்டு ஒரே வார்த்தைல "பக்கத்துல எங்கயாவது போலாம்"னுட்டாங்க. யூட்டாதான் வேணும்னா சால்ட் லேக் சிட்டிக்கு ஃப்ளைட்ல போய் அங்க வண்டி எடுக்கறதுதான் புத்திசாலித்தனம், அங்கேந்து மோவாப் ஒரு பக்கம் 235 மைல்தான், கேஸும் இங்கத்த விட கம்மி.

நாங்க போனது யோசெமிட்டி நேஷனல் பார்க் வழியா டியோகா பாஸ்ங்கற மலைக் கணவாய் ஏறி, 395 ரோட்ல தெற்கால இறங்கி, மொஹாவி, பேக்கர்ஸ்ஃபீல்டுன்னு சுத்தி வர்ற ரூட். மொத்தம் 800 மைல் பக்கம். கேஸ் விலை ஏறினா என்ன ஆகும்னு பயப்படறவங்களுக்கு இங்க ஒரு கணக்கு, கேலனுக்கு ஒரு டாலர் ஏறினா இந்த ரூட்ல 80 டாலர்தான் கூடும், யூட்டா ரூட்ல 200 டாலர் கூடும். 2022 ஜூன்ல கலிஃபோர்னியால ஆவரேஜே 6.40 டாலரைத் தாண்டுச்சே, அந்த மாதிரி விலை திரும்ப வந்தாக்கூட இந்த 800 மைலை சமாளிச்சுடலாம், 2000 மைலை சமாளிக்கறது கஷ்டம். விலை நம்ம கைல இல்ல, ஸ்டேட் வரியே கேலனுக்கு 60 சென்ட்டை ஒட்டி நிக்குது, கலிஃபோர்னியாவுக்குன்னு தனி ஃபார்முலா கேஸ் வேற, வெளி ஸ்டேட்ல இருந்து பைப்லைன்ல வாங்கிக்கவும் வழி இல்ல. தூரம் மட்டும்தான் நம்ம கைல இருக்கு.

எங்க கேஸ் போடணும்ங்கறது இந்த ரூட்ல ரொம்ப முக்கியம். ட்ரேசி, மான்டீகா பக்கம் காஸ்ட்கோல டேங்கை ரொப்பிக்கோங்க (கூரை உயர போர்டை ஒரு தடவை பாத்துட்டு உள்ள போங்க, இந்த வண்டி நம்ம மினிவேன் இல்ல). பெரிய டேங்க்ங்கறதால சில பம்ப்ல 125 டாலர்லயே டக்குனு நின்னுடும், மெஷின் ரிப்பேர் இல்ல, கார்டுக்கு வெச்சிருக்கற லிமிட் அது, திரும்ப கார்டைப் போட்டு மிச்சத்தை அடிச்சுக்கலாம். யோசெமிட்டி வேலிக்குள்ள கேஸ் ஸ்டேஷனே கிடையாது, க்ரேன் ஃப்ளாட்ல இருக்கு. டியோகா தாண்டி இறங்கினா லீ வைனிங், அங்க ஊரே மலை அடிவாரத்துல தனியா இருக்கறதால விலை நல்லா எகிறிடும். டேங்க்ல கால்வாசி இருந்தாலே போதும், அங்க போடாம 65 மைல் தள்ளி பிஷப் போய்டுங்க, வழில மேமத் ஊரைத் தாண்டினா பெரும்பாலும் இறக்கம்தான். பிஷப்புக்கு வடக்கால பையூட் பழங்குடி மக்களோட கசினோவை ஒட்டி ஒரு கேஸ் ஸ்டேஷன் இருக்கு, நாங்க போனப்ப அந்த ஏரியாலயே அங்கதான் விலை கம்மி. லீ வைனிங்ல கேஸ் போடலைன்னாலும் அங்க கேஸ் ஸ்டேஷனுக்குள்ளயே இருக்கற வோ நெல்லி டெலிங்கற ஹோட்டல்ல ஃபிஷ் டாக்கோ சாப்பிடாம வராதீங்க, மாங்காய் சல்சா போட்டு தர்றான், கேஸ் ஸ்டேஷன் சாப்பாடுன்னு யாரும் நம்ப மாட்டாங்க.

போற வழில யோசெமிட்டிக்கு முன்னாடி ஓல்டு ப்ரீஸ்ட் க்ரேடுன்னு ரொம்ப செங்குத்தான ஒரு ஏத்தம் இருக்கு, ஜிபிஎஸ் ஷார்ட்கட்னு அந்தப் பக்கம் திருப்பிவிடும், அங்க தலை வெச்சும் படுக்காதீங்க, நியூ ப்ரீஸ்ட் க்ரேடுல சுத்திப் போங்க. எப்படியும் டியோகா 9943 அடி, சென்ட்ரல் வேலில இருந்து அவ்ளோ உயரம் ஏறும்போது கேஸ் முள்ளு கண்ணெதிர இறங்கும், அன்னிக்கு 10 மைல் எல்லாம் எதிர்பாக்க வேணாம்.

அதே மாதிரி மொஹாவில இருந்து டெஹாச்சபி ஏறும்போது எதிர்காத்து. மலை முழுக்க காத்தாலை நட்டு வெச்சிருக்கான்னா சும்மாவா. தலைக்கு மேல துருத்திட்டு இருக்கற கேம்பர் மூஞ்சி மேல காத்து நேரா அடிக்கும், மணிக்கு 70 மைல்ல போனா கேஸைக் குடிச்சுத் தள்ளும். வலது லேன்ல 60க்கு வந்தப்புறம்தான் டேஷ்போர்டுல கேலனுக்கு எத்தனை மைல்ங்கற நம்பர் கொஞ்சம் தேறுச்சு. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சா அடிச்சுட்டுப் போறான். இன்னொண்ணு தண்ணி, ஒரு கேலன் எட்டு பவுண்டுக்கு மேல கனம், வீட்லயே டேங்கை ரொப்பிட்டு மலை மேல தூக்கிட்டுப் போகாம கேம்ப்கிரவுண்ட்ல போய்ப் பிடிச்சுக்கோங்க.

இவ்ளோ திட்டினாலும் வண்டி நின்னு இருக்கும்போது சொர்க்கம் சார். லோன் பைன் பக்கம் அலபாமா ஹில்ஸ்ல, ஃப்ரீ பெர்மிட் ஆன்லைன்ல எடுத்துட்டா தங்கறதுக்குக் காசே கிடையாது. எதிர்ல விட்னி மலை, கைல ஃபில்டர் காபி, அடுப்புல தோசைக்கல்லு (ஃப்ரிட்ஜ்ல மாவு நல்லாவே தாங்குச்சு, ஆனா மலை ரோட்ல டப்பா மூடி திறந்துக்கும், டேப் போட்டு ஒட்டிடுங்க). ஒரே எடத்துல ரெண்டு மூணு ராத்திரி நிறுத்திட்டோம்னா ப்ரோப்பேன் மட்டும்தான் செலவு, அது ஒண்ணுமே இல்லங்கற அளவுக்குத்தான். தெனமும் ஒரு ஊர் பாக்கணும்ங்கற நம்ம டூர் பஸ் புத்தியோட போனீங்கன்னா இந்த வண்டி உங்களுக்கு இல்ல.

கம்பெனி மேல கடுப்பானது ஒரே விஷயம், டேங்கை எட்டுல மூணு பாகம்னு குடுத்தாங்க, அதே அளவுல திருப்பிக் குடுக்கணுமாம். அந்த முள்ளை அப்படி குறி பாத்து நிறுத்த யாரால முடியும், கம்மியா இருந்தா வெளி ரேட்டை விட அதிகமா போட்டுப் பிடிக்கறான், ஜாஸ்தியா இருந்தா நன்றி மட்டும்தான். எடுக்கும்போதே முள்ளையும் ஓடோமீட்டரையும் ஒரே போட்டோல வர்ற மாதிரி எடுத்து வெச்சுக்கோங்க, கவுன்டர்ல வாக்குவாதம் வந்தப்ப எங்களுக்கு அதுதான் உதவுச்சு.

ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை. 800 மைலுக்குள்ள ட்ரிப்னா நாலு, யூட்டா வரைக்கும் ஓட்டிட்டுப் போறவங்களுக்கு ரெண்டு.