முடி நட்ட தலைக்கு எந்த டை? ஷாம்பு, பவுடர், க்ரீம், மருதாணி: ஒரு மதிப்பீடு

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொண்டவர்கள் டை வாங்கும்போது பெரும்பாலும் பெட்டியின் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். 'அமோனியா இல்லை', 'மூலிகை', 'ஐந்தே நிமிடம்' என்று அங்கே இருக்கும் எந்த வாசகமும் அறுவை சிகிச்சை நடந்த தலைக்கு உத்தரவாதம் ஆகாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியலையும், சிகிச்சை முடிந்து எத்தனை வாரம் ஆனது என்பதையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் வகைகளை அந்த இரண்டையும் கொண்டே இங்கே எடை போடுகிறோம்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடலாம். டை வேலை செய்வது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடித்தண்டில். வேர்க்கால் இருப்பது தோலுக்குள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழத்தில். நன்றாக ஆறிய தலையில் முறையாக டை அடித்தால் நட்ட முடி செத்துவிடாது. கெடுதல் வருவது தோல் வழியாக: ரசாயனப் புண், ஒவ்வாமை, அதனால் வரும் அரிப்பு, சொறிந்த இடத்தில் கிருமித்தொற்று. இவை கடுமையானால்தான் வேருக்குச் சேதம்.

சிகிச்சைக்கு முன்பே டை அடித்துக்கொண்டு வரச் சொல்வதும் உண்டு. நடுவதற்கான முடியைப் பின்தலையிலிருந்துதான் எடுப்பார்கள். அங்குள்ள வெள்ளை முடி தோலின் நிறத்தோடு கலந்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டிருந்தாலும் அது எந்தக் கோணத்தில் உள்ளே இறங்குகிறது என்பது மருத்துவருக்குத் தெளிவாகத் தெரியாது. கோணம் பிசகினால், முடியைத் தோண்டி எடுக்கும் குழாய் போன்ற சிறு கத்தியான பஞ்ச் வேரையே வெட்டிவிடும். அதனால்தான் நரைத்த பின்தலையைக் கறுப்பாக்கச் சொல்கிறார்கள். பலர் கோட்டைவிடுவது நாள் கணக்கில். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், அதாவது ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர். ஒரு வாரம் முன்பே டை அடித்துவிட்டால், சிகிச்சையன்று தோலை ஒட்டி 2 மி.மீ.க்கு மேல் வெள்ளையாகவே முளைத்திருக்கும். வேர்க்கால்களைத் தனித்தனியாகத் தோண்டி எடுக்கும் எஃப்யூஇ முறையில் முடியை ஏறக்குறைய 1 மி.மீ. உயரம் விட்டு மழிப்பார்கள். கறுத்த பகுதி முழுவதும் அதோடு போய்விடும்; மிஞ்சுவது பழைய வெள்ளைதான். ஆகவே சிகிச்சை நாளுக்கு எவ்வளவு நெருக்கமாக அடிக்க வேண்டும் என்று மருத்துவரிடம் தேதியாகவே கேட்டு வாங்குங்கள். அடிப்பது ஏற்கெனவே உங்களுக்கு ஒத்துக்கொண்ட டையாக இருக்கட்டும். அந்த நேரத்தில் புது டையைச் சோதித்துப் பார்த்து, தலை வீங்கிப் போனால் சிகிச்சையே தள்ளிப்போகும். தோலில் கறை படிந்தாலும் முடி தெரியாது, அதனால் நன்றாக அலசிவிட்டுப் போங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு பொருக்கு உதிர 10 முதல் 14 நாள் ஆகும். அதன்பின் தலை ஆறிவிட்டது போலத் தெரியும். ஆனால் தோலின் தடுப்புச் சக்தி முழுமையாகத் திரும்பியிருக்காது. பொதுவாக 4 வாரம் குறைந்தபட்சம் என்று வைக்கிறார்கள், 6 வாரம் கேட்கும் மருத்துவர்களும் உண்டு. சிவப்போ, சிறு பருக்களோ, ஒட்டியிருக்கும் பொருக்கோ இருந்தால் எத்தனை வாரம் ஆகியிருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் எஃப்யூடி முறையில் தையல் போட்டவர்கள் தழும்பின் மேல் இன்னும் நிதானம் காட்டுவது நல்லது.

இதைவிட முக்கியமானது மரத்துப்போன தோல். சிகிச்சைக்குப் பின் உச்சந்தலையிலும் தையலுக்கு மேலேயும் உணர்ச்சி சில மாதங்கள் வரை குறைந்தே இருக்கும். சாதாரணத் தலையில் டை எரிந்தால் உடனே ஓடிப்போய்க் கழுவுவோம். மரத்த தோலில் எரிச்சலே தெரியாது. கழுவிய பிறகு கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியவரும். எனவே 'எரியவில்லையே' என்பதை நம்பாமல் கடிகாரத்தை மட்டும் நம்புங்கள்.

இனி வகைகள்.

எங்கள் பட்டியலில் கடைசி இடம் ஷாம்பு டைக்கு. பெயரில் ஷாம்பு இருப்பதால் சாதுவான பொருள் என்று நினைத்து யாரும் ஒவ்வாமைச் சோதனை செய்வதில்லை. பொருள் பட்டியலைப் படித்தால் பெரும்பாலானவற்றில் நிரந்தர டையில் இருக்கும் அதே நிறப் பொருளான பேரா-பினைலின்டையமின், அதாவது பிபிடி, அல்லது அதன் உறவுக்காரப் பொருள் இருக்கும். அதைப் பிரஷ்ஷால் முடியில் தடவாமல் விரலால் தலைத்தோல் முழுக்கத் தேய்க்கச் சொல்கிறது வழிமுறை. புதிதாக நட்ட தலைக்கு இதைவிடப் பொருந்தாத முறை கிடையாது.

பவுடர் டையும் கிட்டத்தட்ட அதே கதிதான். இவற்றிலும் பிபிடி இருக்கும், ஆக்சிஜன் தரும் பொருளும் தூளாகவே கலந்திருக்கும். தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றிக் கலப்பதால் ஒவ்வொரு முறையும் வீரியம் மாறும். காய்ந்து ஒட்டிக்கொண்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், நட்ட இடத்தில் சுரண்டல் கூடவே கூடாது.

மருதாணி விஷயத்தில் ஒரு அடையாளம் போதும்: சுத்தமான மருதாணி இலைப்பொடி ஆரஞ்சும் செம்பழுப்புமான நிறத்தைத்தான் தரும். ஒரே பூச்சில் அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் 'கறுப்பு மருதாணி'யில் பிபிடி கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். மருதாணிக்குப் பின் அவுரிப் பொடி என்று இரண்டு கட்டமாகச் செய்வதில் ரசாயன ஆபத்து குறைவு. ஆனால் மணிக்கணக்கில் ஊறும் விழுது, அதிலுள்ள மண்துகள், கசக்கி அலச வேண்டிய கட்டாயம் எல்லாம் சேர்ந்து முதல் மூன்று மாதத்துக்கு இதை ஒதுக்கிவைக்கச் சொல்கின்றன. தலைத்தோலில் நாள்கணக்கில் நிற்கும் செங்கறையால், தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பதும் கடினம்.

க்ரீம் டையில் மூன்று ரகம். நிரந்தர டையில் நிறப் பொருளும் டெவலப்பரும் தனித்தனிக் குழாயில் வரும். டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு: 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மறைக்க 20 வால்யூமே போதும். அதற்கு மேல் போவது நிறத்தை வெளுக்க, நட்ட தலைக்கு அது தேவையில்லை. அமோனியா இல்லாதவற்றில் பெரும்பாலும் எத்தனாலமைன் இருக்கும். மூக்கைத் துளைக்கும் வாடை இல்லை என்பதைத் தவிர, இதுவும் முடியின் செதிலைத் திறக்கும் காரப்பொருள்தான். 'பிபிடி இல்லை' என்ற பெட்டியிலும் டொலுவீன்டையமின் இருக்கிறதா பாருங்கள். பிபிடி ஒவ்வாத பலருக்கு அதுவும் ஒவ்வாது.

செமி-பெர்மனென்ட் டைக்கு டெவலப்பரே வேண்டாம். நிறம் முடியின் மேல் ஒட்டி, ஏழெட்டு அலசலில் போய்விடும். வெள்ளையை முழுதாக மறைக்காது, வியர்த்தால் தலையணை உறையில் கறை படும். இருந்தாலும் நான்கைந்து வாரத்தில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயே ஆக வேண்டும் என்பவருக்கு, மருத்துவர் சரி என்றால், முதல் தேர்வு இதுதான்.

நீண்ட ஓட்டத்துக்கு எங்கள் ஓட்டு டெமி-பெர்மனென்டுக்கு. குறைந்த வீரிய டெவலப்பர், இருபது அலசல் வரை நிற்கும் நிறம், நரையைச் சுற்றியுள்ள முடியோடு கலந்துவிடும் தன்மை. இதிலும் பெராக்சைடோடு சேர்ந்து நிறம் தரும் பிபிடி போன்ற ஆக்சிடேஷன் டை உண்டு என்பதால் ஒவ்வாமைச் சோதனையில் சலுகை இல்லை.

பிளீச் வேண்டவே வேண்டாம் என்று ஆறு மாதத்துக்காவது சொல்வோம். கெரட்டின் ஃபைபர் தூளும் வேர் மறைக்கும் ஸ்ப்ரேயும் முடியைச் சாயமேற்றாது, மேலே உட்கார்ந்திருக்கும். பொருக்கு இருக்கும்போது தூவினால் புண்ணுக்குள் போகும். ஆறிய பின் போட்டாலும் அன்று இரவே மென்மையாகக் கழுவிவிட வேண்டும்.

நிறத் தேர்வில் நிறையப் பேர் தங்கள் சிகிச்சையின் பலனைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள். நட்ட முடி மூன்று நான்கு மாதத்தில் மெல்லிசாகத்தான் வரும், தடிக்க ஒரு வருடம் பிடிக்கும். மெல்லிய முடிக்குக் கரிக்கறுப்பு அடித்தால், இடையில் தெரியும் தோல் பளிச்சென்று எடுப்பாகி, முடி இருப்பதைவிடக் குறைவாகத் தோன்றும். அடர்பழுப்பு அடித்தால் அந்த வித்தியாசம் மங்கி அடர்த்தி கூடியது போல இருக்கும். இன்னொன்று: பின்தலை முடி இடம் மாறினாலும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளாது. பின்தலையில் நரை குறைவாக உள்ளவருக்கு நெற்றியில் கறுப்பும் கிருதாவில் வெள்ளையுமாக நிற்கும். அப்போது முன்பக்கத்தைத் தொடாமல் கிருதாவுக்கு மட்டும் டெமி அடித்தாலே போதும். தலை முழுக்கப் பூசுவது வீண். முதல் இரண்டு மாதத்தில் நட்ட முடி எப்படியும் உதிர்ந்துவிடும், அதற்கு டை அடிப்பதும் வீண்.

ஒவ்வாமைச் சோதனையை ஒவ்வொரு முறையும், பழகிய பிராண்டானாலும், செய்ய வேண்டும். பெட்டியில் சொல்லியுள்ளபடி ஒரு சொட்டு அளவு முழங்கையின் உள்மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ தடவி 48 மணி நேரம் பாருங்கள். பிபிடி ஒவ்வாமை தாமதமாகத்தான் தலைகாட்டும். இரண்டு மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அர்த்தமில்லை. கறுப்பு மருதாணி டாட்டூ போட்டுக் கொப்புளம் வந்தவர்கள் பிபிடி பக்கமே போகக்கூடாது. பிபிடி ஒவ்வாதவர்களில் சிலருக்குத் தோலை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் களிம்பும் ஒவ்வாது என்பதால், இதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முடி வளர்வதற்கான மினாக்சிடில் மருந்தைத் தலையில் போடுபவர்கள் டைக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரம் நிறுத்திவையுங்கள்.

பூசும் நாளில் தலைக்குக் குளிக்காதீர்கள். தோலில் ஊறியிருக்கும் எண்ணெய்ப்பசை ஓரளவு காப்பாற்றும். நெற்றி ஓரத்திலும் தழும்பின் மேலும் வாஸ்லைனை மெல்லிசாகத் தடவுங்கள். பெட்டியில் உள்ள விகிதத்திலேயே கலக்க வேண்டும். பிரஷ்ஷைக் குத்தாமல் சாய்த்துப் பிடித்து, நட்ட இடத்தில் தோலிலிருந்து 2, 3 மி.மீ. தள்ளியே தொடங்குங்கள். வேர் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தாலும் பரவாயில்லை. பக்கவாட்டில் முதலில் பூசிவிட்டு நட்ட இடத்தைக் கடைசியில் தொடுங்கள். மெல்லிய முடி நிறத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் தொப்பி, ஹீட்டர் எதுவும் வேண்டாம். பெட்டியில் போட்ட நேரத்தைத் தாண்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையால் ஊற்றி, நிறம் கலவாத தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். ஷவரின் வேகப் பீச்சலும் துண்டால் தேய்ப்பதும் கூடாது, ஒற்றி எடுங்கள்.

அடுத்த மூன்று நாளும் தலையைக் கண்ணாடியில் பாருங்கள். அரிப்பு, நீர்க்கொப்புளம், கண்ணிமை வீக்கம் எது வந்தாலும் தலையை மறுபடி மென்மையாக அலசிவிட்டு, சொறியாமல், டைப் பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு முடி நட்ட மருத்துவரிடமே போங்கள். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு.