டிஸ்க் குழுவை முறையாகக் கழற்றுவது: இசட்எஃப்எஸ், எல்விஎம், எம்டி ரெய்டு

லினக்ஸ் சர்வரில் இருக்கும் நான்கைந்து டிஸ்க்குகளை மொத்தமாகக் கழற்றி வேறு சர்வரில் மாட்ட வேண்டும். அவற்றை ஒரே குழுவாகச் சேர்த்திருக்கும் முறை இசட்எஃப்எஸ் பூல், எல்விஎம் வால்யூம் குரூப், எம்டி ரெய்டு (லினக்ஸின் சாஃப்ட்வேர் ரெய்டு) என எதுவானாலும் முதலில் அன்மவுண்ட் ஆக வேண்டும், அதாவது ஃபைல் சிஸ்டம் பயன்பாட்டிலிருந்து விலக வேண்டும். அதன் பிறகுதான் வித்தியாசம். குழுவை முறைப்படி விடுவித்தாயிற்று என்ற குறிப்பு டிஸ்க்கிலேயே பதிகிறதா? நான் ஒப்பிடுவது அதை வைத்துத்தான்.

இசட்எஃப்எஸ்ஸில் வேலை சுலபம். 'இசட்பூல் எக்ஸ்போர்ட்' என்ற ஒரே கமாண்ட் எல்லாவற்றையும் அன்மவுண்ட் செய்து, மிச்சமிருக்கும் டேட்டாவை எழுதி முடித்து, ஒவ்வொரு டிஸ்க்கிலும் பூலின் விவரம் பதிந்திருக்கும் லேபிளிலும் எக்ஸ்போர்ட் ஆனதைக் குறித்துவிடும். இதைச் செய்யாமல் பிடுங்கினால் புது சர்வர், 'இந்த பூல் வேறு கணினியில் பயன்பாட்டில் இருக்கலாம்' என்று இம்போர்ட்டை மறுக்கும். எரிச்சலாக இருக்கும்தான், ஆனால் ஒரே பூலை இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் பூலே நாசமாகும். ஒரு எச்சரிக்கை: 'இசட்பூல் ஆஃப்லைன்' வேறு சங்கதி. அது பூலுக்குள் ஒரு டிஸ்க்கை மட்டும் நிறுத்தும். பூல் பலவீனமான நிலையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எல்விஎம்மில் இரண்டு படிகள். 'விஜிசேஞ்ச்' கமாண்டால் குழுவைச் செயலிழக்கச் செய்வது ஒன்று, 'விஜிஎக்ஸ்போர்ட்' இன்னொன்று. பலர் முதல் படியோடு எழுந்துவிடுகிறார்கள். அதே சர்வரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க அது போதும். ரீபூட் ஆனால் குழு பெரும்பாலும் தானாகவே உயிர்பெற்றுவிடும். இடம் மாறுகிற டிஸ்க் என்றால் இரண்டாவது படி அவசியம். போகிற இடத்தில் அதே பெயரில் இன்னொரு குழு இருந்தால் யூயுஐடியை (ஒவ்வொரு குழுவுக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்துப் பெயரை மாற்ற வேண்டும். இசட்எஃப்எஸ்ஸில் இம்போர்ட் செய்யும்போதே புதுப் பெயர் கொடுத்துவிடலாம்.

எம்டி ரெய்டில் எக்ஸ்போர்ட் என்ற பேச்சே கிடையாது. ஸ்டாப் கொடுத்தால் ரெய்டு குழு சுத்தமாக மூடியதாகப் பதியும், அவ்வளவே. மாட்டிய இடத்தில் தானாகச் சேர்ந்துகொள்ளும், அதுவும் பல நேரம் எம்டி127 என்ற புதுப் பெயரோடு. யூயுஐடியை நம்புங்கள், பெயரை அல்ல. ரெய்டின் மேல் எல்விஎம் உட்கார்ந்திருந்தால் மேலிருந்து கீழே இறங்க வேண்டும்: அன்மவுண்ட், விஜிசேஞ்ச், விஜிஎக்ஸ்போர்ட், கடைசியில்தான் ஸ்டாப்.

இடம் மாற்றுவதற்கு என் ஓட்டு இசட்எஃப்எஸ்ஸுக்கு. அதற்காக ஓடுகிற எல்விஎம்மைக் கலைக்கச் சொல்ல மாட்டேன். இரண்டாவது படியை மறக்காதவருக்கு அதில் குறையில்லை.

மூன்றிலும் உயிரை வாங்குவது, யாரோ இன்னும் பயன்படுத்துவதால் விடுவிக்க முடியாது என்று வரும் 'பிஸி' என்ற பதில். யார் பிடித்திருக்கிறார்கள் என்று எஃப்யூசர், எல்எஸ்ஓஎஃப் கமாண்டுகள் சொல்லும். ஆனால் கெர்னலே நடத்தும் என்எஃப்எஸ் பகிர்வும் (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) ஸ்வாப்பும் (மெமரிக்குத் துணையாகும் டிஸ்க் இடம்) அவற்றில் தெரியாமல் போகலாம். அவற்றைத் தனியாக நிறுத்துங்கள். பிஸியாக இருந்தாலும் பிடித்து விலக்கும் லேஸி அன்மவுண்ட் பக்கம் போகவே வேண்டாம். பட்டியலிலிருந்து பெயர் மறையும், திறந்த ஃபைல் திறந்தபடியே இருக்கும்.

டிஸ்க்கை இழுக்கும் முன் சீரியல் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறலாம். பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் இந்த டிஸ்க்குகளுக்கான வரியையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பழைய சர்வர் அடுத்த ரீபூட்டில் இல்லாத டிஸ்க்குக்காகக் காத்திருந்து எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.