நான்கு வருஷமாகச் சதவீதம் மட்டும்

முன்பு என் பல் மருத்துவமனையில் பயிற்சியில் இருந்த பெண் போன வாரம் கேட்டாள்: "மேடம், கடி அளக்கிற சென்சார் மெஷின் வாங்கலாமா? உங்ககிட்ட இருக்கே?" அவள் கேட்ட அன்று அது என்னிடம் இல்லை. கைப்பிடியில் கேபிள் சேருமிடம் விட்டுப்போய் 19 நாளாக சர்வீஸில் கிடந்தது. நேற்றுத்தான் திரும்பி வந்தது. அந்தச் சூட்டிலேயே எழுதுகிறேன், கோபம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்ல, குதிரை லாட வடிவத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதற்குள் குறுக்கும் நெடுக்கும் மின்கடத்தும் மைக் கோடுகள். கடித்தால் கோடுகள் சந்திக்கும் இடத்தில் மின்தடை குறையும், அதைத்தான் திரையில் கலர் கலராகக் காட்டுகிறது. இது தெரிந்ததுதான். என் எரிச்சல் வேறு. இந்த நான்கு வருஷத்தில் ஒருமுறைகூட அது எனக்கு ஒரு எடை சொன்னதில்லை.

"டாக்டர், நான் எத்தனை கிலோ கடிக்கிறேன்?" திரையைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் கருவி சொல்வதோ இடது 54, வலது 46 சதவீதம். தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் முனைகளையெல்லாம் தட்டையாக்கிக்கொண்ட மனிதர் ஒருவர், தாடைத் தசை கல்லாக இருக்கும். அவருக்கும் உச்சம் நூறு சதவீதம். அடுத்து வந்த பாட்டிக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல், பூப்போல மெதுவாகக் கடித்தார். அவருக்கும் நூறு. அவரவர் பதிவில் அவரவர் உச்சம்தான் நூறு என்பது கணக்காக சரி. ஆனால் ஒவ்வொருவருக்கும் முதலில் சென்சிட்டிவிட்டியைக் கூட்டிக் குறைத்து வைக்க வேண்டியிருக்கிறது, பலமாகக் கடிப்பவருக்குக் குறைக்காவிட்டால் படம் முழுக்க உச்ச நிறம் அப்பிவிடும், அப்படி மாற்றிய பிறகு இருவரை ஒப்பிடுவது எங்கே, அதே ஆளை மூன்று மாதம் கழித்து ஒப்பிடுவதுகூட எங்கே?

17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் பொரெல்லி கீழ்க் கடைவாய்ப்பற்களில் கயிறு மாட்டி எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அவருக்குக்கூட எடையில் விடை கிடைத்தது.

பொறுக்காமல் அக்கா மகனைப் பிடித்தேன், இன்ஜினியரிங் படிக்கிறான். காசளவு விசை சென்சார் ஒன்றை வாங்கி, சின்ன போர்டில் இணைத்து, மேஜையில் எடைக்கற்களை வைத்து அளவு குறித்துக் கொடுத்தான். மேஜையில் அருமையாக இருந்தது. வாயில் வைத்ததும் ஆட்டம் தொடங்கியது. பல் முனை ஒரு புள்ளியில் குத்துகிறது, சென்சாருக்கோ விசை சமமாகப் பரவ வேண்டும், அதனால் மேலும் கீழும் கெட்டியான வில்லை வைத்து ரப்பர் உறையும் போட்டோம். தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. வாய்ச்சூடு பட்டதும் எண் நகர்ந்தது. ஒரே அழுத்தத்தில் ஐந்து நொடி கடித்தபடி இருக்கச் சொன்னால், ஆள் அசையாமல் இருக்க எண் மட்டும் ஊர்ந்து ஏறிக்கொண்டே போனது. என் கடைவாய்ப்பல்லில் முதல் கடிக்கு 310 நியூட்டன் (ஏறக்குறைய பத்து நியூட்டன் ஒரு கிலோ எடைக்குச் சமம்), மூன்றாவது கடிக்கு 420. பெரியவர்களுக்குப் பொதுவாக 300 முதல் 700 வரை வரும் என்பதால் நம்பக்கூடிய எண்தான், ஆனால் எந்த எண்ணை நம்புவது? முதல் கடியில் எனக்கே பயம். பல் உடையுமோ என்று தாடை தானாகவே நிறுத்திக்கொள்கிறது. வலியுள்ள பல் என்றால் கேட்கவே வேண்டாம், நாம் அளப்பது தசையின் பலத்தையா அந்த ஆளின் துணிச்சலையா என்றே தெரியாது.

ஆக, எண் சொல்லும் கருவிக்கு வாயைத் திறந்து வைக்க வேண்டும், பற்கள் வழக்கம்போல் பொருந்துவதைப் பார்க்க முடியாது. பொருந்துவதைக் காட்டும் தாளுக்கு எண் வராது. அந்தத் தாளும் 100 மைக்ரான் தடிமன், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 20 மைக்ரான் உறுத்தினாலே பல் கண்டுபிடித்துவிடும், ஆக தாள் உள்ளே போனதுமே கடி கொஞ்சம் மாறிவிடுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது.

சரி, நியாயத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த 19 நாளும் பழையபடி, கடித்தால் பல்லில் கறை பதியும் நீலக் கார்பன் தாளோடு வேலை பார்த்தபோது பாதிக் கண்ணைக் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. கார்பன் எங்கே தொடுகிறது என்று காட்டும், எப்போது தொட்டது என்று காட்டாது. பெரிய கறை பட்ட இடத்தில்தான் விசை அதிகம் என்று கல்லூரியில் பழகியது எத்தனை தப்பு என்பதை எனக்குக் காட்டியதே இந்தக் கருவிதான். ஒருவருக்குக் கீழ் வலது முதல் கடைவாய்ப்பல் இடத்தில் இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல், வைத்திருந்தேன். கார்பனில் மெல்லிய புள்ளி, எல்லாம் சுத்தம். பதிவை மெதுவாக ஓட்டினால், பக்கத்துப் பற்கள் தொட்டு விசை ஏறிக்கொண்டிருக்கும்போது திரையில் இம்பிளான்ட்டின் விசையைக் காட்டும் கம்பம் சும்மா இருக்கிறது, பிறகு சட்டென்று எழும்பி எல்லாவற்றையும் தாண்டுகிறது. இயற்கைப் பல் வேரைச் சுற்றிய தசைநாரில் சற்று அமுங்கும், எலும்போடு ஒட்டிய இம்பிளான்ட் அமுங்காது, அதனால் பலமாகக் கடிக்கும்போது பாரம் அதன் தலையில். படித்த விஷயம்தான். கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தது அன்றுதான். மேலே கொஞ்சம் தேய்த்துவிட்டு மறுபடி கடிக்கச் சொன்னேன், கம்பம் அடங்கியது, எனக்கு அன்று முழுக்க சந்தோஷம்.

இப்படியெல்லாம் புகழ்ந்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு அனுப்பிய பதில்: வாங்காதே. தாள் தீரும்போதெல்லாம் அந்தக் கம்பெனியிடம்தான் போய் நிற்க வேண்டும், ஒரு மடிப்பு விழுந்தால் இல்லாத இடத்தில் சிவப்புக் கம்பம் முளைக்கும், கேபிள் போனால் 19 நாள். அவளுக்கு வருவதெல்லாம் சாதாரணக் கிரவுன் வேலைகள், கார்பனும் பொறுமையும் போதும். இம்பிளான்ட் எடுத்துச் செய்ய ஆரம்பித்தால் அப்போது கேட்கட்டும், அன்றைக்கு என் மனசு எப்படியிருக்கிறதோ.

இன்று காலை பழுது பார்த்து வந்த கைப்பிடியை மாட்டி முதல் ஆளைக் கடிக்கச் சொன்னேன். இடப்பக்கம் ஒரு கோடு முழுக்க உயிரில்லை. சர்வீஸ்காரரைத் திட்ட போனைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கும் என்று தாளை மாற்றினேன். கோடு வந்துவிட்டது. போனைக் கீழே வைத்துவிட்டேன். கடித்தவர் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எத்தனை கிலோ டாக்டர்?"