தொலைவிலிருந்து சி மொழி சொல்லிக்கொடுத்ததில் எது நின்றது, எது போனது

2020 ஏப்ரல் 7, சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் முடக்கம் தொடங்கிய நாள். என் சி புரோகிராமிங் லேப் அன்றோடு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் பகுதிநேரமாகச் சொல்லித்தருகிறேன், இப்போதும் பாதி நேரில், பாதி இணையத்தில். முதல் வாரப் பதற்றம் அடங்கி, வருடக்கணக்கில் புழங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

லெக்சர் பெரிய பிரச்சினையே இல்லை. பதிவு செய்து போட்டுவிட்டால் புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். சென்னையில் இருந்து படித்தவர்களுக்கு நம்ம காலை 9 மணி வகுப்பு 6.30 மணி, அவர்களுக்கு ரெக்கார்டிங் பெரிய நிம்மதி.

போனது லேப்தான். லேபில் நான் பாடம் நடத்துவதில்லை, வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன்; உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் ஃபங்ஷனை எழுதும்போது ஒருவர் & குறியை விட்டிருந்தால், அது செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக இடத்தைத் தொட்டு புரோகிராம் நின்றுபோவது) என்று வெடிக்கும் முன்பே தோளுக்குப் பின்னால் இருந்து கண்ணில் பட்டுவிடும். திரையில் கிடைத்ததோ கேமரா அணைத்த கறுப்புக் கட்டங்கள். "புரிகிறதா?" என்றால் சத்தமே இல்லை. பாயிண்டர், அதாவது ஒரு மதிப்பு நினைவகத்தில் இருக்கும் முகவரி, பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை என்பதே இரண்டு வாரம் கழித்து அசைன்மெண்ட் வந்தபோதுதான் தெரிந்தது, அது என்னை ரொம்பவே வருத்தியது.

லேபில் நடந்த அந்த நடையைத் திருப்பித் தந்தது, கோட் எழுதும் மென்பொருளான விஷுவல் ஸ்டூடியோ கோடில் இருக்கும் லைவ் ஷேர் வசதி. மாணவர் இணைப்பை அனுப்பினால் போதும், அவருடைய ஃபைல் என் திரையில் இருக்கும், கர்சர் எங்கே தயங்கி நிற்கிறது, எந்த வரியை மூன்று முறை அழித்து எழுதுகிறார் என்று எல்லாம் தெரியும். ஒன்றை மட்டும் கடுமையாகக் கடைப்பிடிக்கிறேன்: அவர் ஃபைலில் நான் ஒரு எழுத்துகூடத் தட்ட மாட்டேன், வரி எண்ணை மட்டும் சொல்வேன். தொடக்கத்தில் நானே திருத்திக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே தவறு அப்படியே வந்தது.

அப்புறம் பைத்தான் டியூட்டர், கோட் ஓடுவதை அடி அடியாகப் பெட்டிகளும் அம்புகளுமாகக் காட்டும் இணையதளம், பிலிப் குவோ 2010-இல் தொடங்கியது. பெயர்தான் பைத்தான், சி மொழியும் ஓடும். இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷனுக்கு மதிப்பை மட்டும் அனுப்பினால் உள்ளே இருக்கும் பெட்டிகள்தான் மாறும், அதை அழைத்த மெயின் ஃபங்ஷனில் இருப்பவை அப்படியே கிடக்கும். பாயிண்டர் அனுப்பினால் அம்புக்குறி நேராக மெயினுக்குப் போகும். ஒவ்வொரு அடியாக நகர்த்திக் காட்டியபோது ஒரு பையன் மைக்கைத் திறந்து "ஓ, அது காப்பியா சார்!" என்றான். வெள்ளைப் பலகையில் அம்பு வரைந்து பத்து வருடத்தில் இவ்வளவு வேகமாக யாருக்கும் நான் புரியவைத்ததில்லை.

இணைய வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் ரூமில் இரண்டிரண்டு பேராகப் போடுங்கள், நாலு பேர் என்றால் ஒருவர் தட்டுவார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அசைன்மெண்டுக்கும் ஒரு மாற்றம் செய்தேன். மாணவர் முடித்துக் கொடுத்த பிறகு அவரைப் பத்து நிமிடம் கூப்பிட்டு, "இந்த லூப்பில் < குறியை <= ஆக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். தானே எழுதியவர் யோசித்தாவது சொல்லிவிடுவார். வகுப்பில் வாயே திறக்காமல், தனிச் சேட்டில் மட்டும் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி அந்தப் பத்து நிமிடத்தை அரை மணி நேரமாக்கிப் பேசினாள். அவளை நினைத்துத்தான் நேர் வகுப்பிலும் இன்றுவரை சேட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன்.